ஃபேனை நிறுத்தாதீங்க, பாட்டி!

கத்திரி வெயிலில் கரண்ட் பில்லும் எகிறக் கூடாது, உடம்பும் கெடக் கூடாது. இரண்டும் நடக்குமா? கணக்குத் தெரிந்தால் தாராளமாக நடக்கும்!

மே மாசம். மத்தியானம் இரண்டு மணி. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் பாட்டி மட்டும். தலைக்கு மேலே ஃபேன் தொங்குகிறது, ஓடவில்லை. "நான் ஒருத்தி கெடக்கறதுக்கு எதுக்கு ஃபேனு? போன தடவை பில்லைப் பாத்துட்டுப் புள்ள தலையில கை வெச்சு உக்காந்துட்டானே!" என்று பாட்டியே நிறுத்திவிட்டார். கையில் ஒரு பனையோலை விசிறி. கொஞ்ச நேரத்தில் அதுவும் கை நழுவி விழுந்துவிட்டது.

சாயங்காலம் மருமகள் வந்து பார்க்கிறாள். பாட்டிக்குப் பேச்சு குழறுகிறது. தொட்டால் உடம்பு அனலாய்க் கொதிக்கிறது.

இது யார் வீட்டுக் கதை என்று தேடாதீர்கள். கோட்டக்குப்பத்தில் நடக்கலாம், மரக்காணத்தில் நடக்கலாம், நாளைக்கு உங்கள் வீட்டிலும் நடக்கலாம். வெயில் ஆளைச் சாய்ப்பது ரோட்டில் மட்டும் அல்ல. இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு உறவுக்காரர்கள் இருக்கும் பிரான்ஸ் நாட்டிலேயே 2003 ஆகஸ்டில் அடித்த வெப்ப அலையில் சுமார் 15,000 பேர் இறந்து போனார்கள். பெரும்பாலானவர்கள் வயசானவர்கள். வீட்டுக்குள் தனியாக இருந்தவர்கள் அதில் ஏராளம்.

சரி, நம் பாட்டி அந்த மத்தியானம் மிச்சம் பிடித்தது எவ்வளவு தெரியுமா? பழைய ஃபேன் 75 வாட். ஐந்து மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட்டில் பாதி. யூனிட் நாலரை ரூபாய் என்று வைத்துக் கொண்டாலும் ஒன்றே முக்கால் ரூபாய்கூட வராது. ஒரு டீ குடிக்கவும் போதாத காசு!

கரண்ட்டை மிச்சம் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் எங்கே பிடிப்பது, எங்கே கை வைக்கவே கூடாது என்று தெரிந்து பிடிக்க வேண்டும். இந்த வித்தியாசம்தான் விஷயமே.

உப்பளம் சொல்லும் பாடம்

கோட்டக்குப்பத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல் போனால் மரக்காணம் உப்பளம். பாத்தி பாத்தியாகக் கடல் தண்ணீர். வெயிலும் காற்றும் சேர்ந்து தண்ணீரை ஆவியாக்கினால்தான் உப்பு விளையும். காய்ந்த மேல்காற்று அடித்தால் பாத்தி மளமளவென்று வற்றும். காற்றில் ஈரம் கனத்துக் கிடந்தால், வெயில் எவ்வளவு காய்ந்தாலும் வற்றுவதற்குச் சுணக்கம்தான்.

நம் உடம்பும் ஒரு உப்பளம்தான்! வியர்வை வெளியே வருவதால் மட்டும் உடம்பு குளிர்வதில்லை. அது ஆவியாகிப் போனால்தான் குளிரும். ஒரு லிட்டர் வியர்வை முழுசாக ஆவியானால் உடம்பிலிருந்து ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆனால் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்த வியர்வையால் பைசா பிரயோஜனம் இல்லை. உடம்பில் இருந்த தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம்.

"வேலூர்ல 40 டிகிரிக்கு மேல அடிக்குது. நம்மூர்ல 36, 37தானே!" என்று கடற்கரைக்காரர்கள் பெருமைப்படுவது உண்டு. ஏமாந்து போகாதீர்கள். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது. கசகசவென்று சட்டை முதுகில் ஒட்டிக் கிடக்கிறதே, அதுதான் உடம்பு 'என்னால் குளிர முடியவில்லை' என்று சொல்லும் பாஷை. அந்த நேரத்தில் தோலைச் சுற்றி நிற்கும் ஈரக் காற்றைத் தள்ளிவிட்டு, வியர்வையை ஆவியாக்கிக் கொடுப்பது யார்? ஃபேன்தான்!

அதனால் கடலோர வீட்டில் ஃபேன் ஆடம்பரம் இல்லை. அது மருந்து. ஒரே ஒரு விதிவிலக்கு: ரூமுக்குள் 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஃபேன் மட்டும் போட்டுக் கொள்ளக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. அப்போது அது அனலைத்தான் வீசும். தகர ஷீட், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீட்டுக்காரர்கள் இதைக் கவனியுங்கள். உச்சி வெயில் நேரத்தில் மர நிழலுக்கோ, அக்கம்பக்கத்துத் தளம் போட்ட வீட்டுக்கோ பெரியவர்களை அழைத்துப் போய்விடுங்கள்.

மீட்டரை ஓட்டுவது யார்?

இப்போது ஒரு பேப்பர், பேனா எடுத்துக் கொள்ளுங்கள். 1,000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். இவ்வளவுதான் கணக்கு. இரண்டு மாசத்துக்கு, அதாவது 60 நாளைக்குப் போட்டுப் பார்ப்போம்.

பழைய ஃபேன் ஒன்று, தினம் 10 மணி நேரம்: 45 யூனிட்.

ஒன்றரை டன் ஏ.ஸி.: கம்ப்ரஸர் ஓடும்போது சுமார் 1,500 வாட் இழுக்கும். நின்று நின்று ஓடினாலும், ஒரு ராத்திரி எட்டு மணி நேரத்துக்கு 8 யூனிட் வரை போகும். 60 நாளைக்கு 480!

வாட்டர் ஹீட்டர் 2,000 வாட், தினம் அரை மணி: 60 யூனிட். வெயில் காலத்திலுமா என்கிறீர்களா? பழக்க தோஷத்தில் ஸ்விட்ச் போடுகிற வீடுகள் நிறைய இருக்கின்றன. மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரே கையைச் சுடுகிற மாசத்தில் ஹீட்டர் எதற்கு?

இஸ்திரிப் பெட்டி 1,000 வாட், தினம் அரை மணி: 30 யூனிட்.

தண்ணீர் மோட்டார் ஒரு குதிரைத் திறன், தினம் ஒரு மணி: கிட்டத்தட்ட 60 யூனிட்.

டி.வி.யை அணைத்தும் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும் செட்டாப் பெட்டி, சுமார் 10 வாட்: சும்மா கிடக்கும் இருபது மணி நேரத்துக்கு மட்டும் 12 யூனிட்.

பார்த்தீர்களா? காற்றை அசைக்கிற சாமான் கொஞ்சம்தான் தின்கிறது. சூடாக்குகிற சாமானும், குளிர வைக்கிற சாமானும்தான் கொள்ளை கொள்ளையாகத் தின்கின்றன. பாட்டி நிறுத்த வேண்டியது ஃபேனை அல்ல!

ஐநூறாவது யூனிட்டில் ஒரு பள்ளம்

கோட்டக்குப்பத்துக்காரர்களுக்கு ஒரு வேடிக்கை உண்டு. தெற்கே எல்லையைத் தாண்டினால் முத்தியால்பேட்டை. அங்கே புதுச்சேரி மின்துறை. மாசா மாசம் பில். எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டுக் கரண்ட். வெகுகாலமாகவே இரண்டு மாசத்துக்கு ஒரு கணக்கு. ஏப்ரலும் மேயும் ஒரே பில்லில் மாட்டிக்கொண்டால் கேட்கவே வேண்டாம்.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது 2016-ல் வந்தது. அதற்கு மேல் படிப்படியாக ரேட் ஏறும். இது எல்லாருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது 500 யூனிட்டில் இருக்கும் பள்ளம்! 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, 500 யூனிட்டுக்குள் நின்றால் பில் 1,725 ரூபாய். பத்தே பத்து யூனிட் தாண்டி 510 ஆனால் 2,030 ரூபாய்! பத்து யூனிட்டுக்கா 305 ரூபாய்? ஆமாம். 500-ஐத் தாண்டியதும், 101-லிருந்து 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த மலிவு ரேட்டும் போய்விடுகிறது. அதற்குப் பிறகு ரேட்டுகள் திருத்தப்பட்டிருக்கின்றன. அதனால் உங்கள் கடைசி பில்லை எடுத்து, இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

ஒரு சின்ன யோசனை. ரீடிங் எடுக்க ஆள் வரும் வரை காத்திருக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் நீங்களே மீட்டரைப் பார்த்து காலண்டரில் எழுதுங்கள். 500-க்குள் நிற்க வேண்டுமானால் நாளுக்கு 8 யூனிட், வாரத்துக்கு 58-க்குள் இருக்க வேண்டும். மூன்றாவது வாரமே எகிறுவது தெரிந்துவிட்டால், மிச்சமுள்ள வாரங்களில் பிடித்துக் கொள்ளலாம். பில் வந்த பிறகு தலையில் கை வைத்து என்ன லாபம்?

ஏ.ஸி.யை விரட்ட வேண்டாம், அடக்குங்கள்

ஏ.ஸி. வாங்கியாயிற்று. கடன் அடைக்கிறீர்கள். பூட்டி வைக்கவா முடியும்? வேண்டாம். சாமர்த்தியமாக ஓட்டுங்கள்.

எடுத்த எடுப்பில் 18, 20 என்று வைத்தால் ரூம் சீக்கிரம் குளிரும் என்பது தப்பு. கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. ஸ்டார் முத்திரை உள்ள ஏ.ஸி.களை ஆன் செய்ததும் 24 டிகிரியில்தான் நிற்க வேண்டும் என்று 2020 ஜனவரி முதல் விதியே போட்டிருக்கிறார்கள்.

அதற்கும் மேலே ஒரு படி போகலாம். 27 டிகிரியில் ஏ.ஸி.யை வைத்து, கூடவே ஃபேனும் போட்டுக் கொண்டால், ரூம் இன்னும் நாலு டிகிரி குறைந்த மாதிரி உடம்புக்குத் தெரியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். "27-ஆ? தூக்கமே வராதே!" என்று பயப்படாதீர்கள். முதல் ராத்திரி 25, அடுத்து 26, அப்புறம் 27. உடம்பு பழகிக் கொள்ளும். பார்த்தீர்களா, இங்கேயும் மிச்சம் பிடித்துக் கொடுப்பது ஃபேன்தான்!

கடற்கரைக்காரர்களுக்கு மட்டும் ஒரு விசேஷக் குறிப்பு. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம் பக்கம் ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கிற ஊர். வீட்டுக்கு வெளியே மாட்டியிருக்கும் ஏ.ஸி. பெட்டியின் தகடுகளில் உப்பு படியும், தூசி அப்பும். வெப்பத்தை வெளியே தள்ள முடியாமல் திணறி, மெஷின் கூடுதல் கரண்ட் இழுக்கும். மெக்கானிக்கை வைத்து நல்ல தண்ணீரால் அந்தப் பெட்டியை கோடைக்கு முன்னாலேயே கழுவிவிடுங்கள். உப்புத் தண்ணீர் போர் இருந்தால் அதை ஊற்றிவிடாதீர்கள்! உள்ளே இருக்கும் வலையை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை நீங்களே கழட்டிக் கழுவலாம்.

இன்னொன்று: ராத்திரி எல்லாரும் ஒரே ரூமில் படுங்கள். பாட்டி கூடத்தில் வேர்த்துக் கிடக்க, பேரன் ரூமில் போர்வை போர்த்திக்கொண்டு நடுங்குவது என்ன நியாயம்?

ஏர் கூலர் வாங்கலாமா?

ஏ.ஸி.யைவிட விலையும் குறைவு, கரண்ட்டும் குறைவு. உண்மைதான். ஆனால் ஏர் கூலர் வேலை செய்வது எப்படி? ஈரத் துணி வழியாகக் காற்றை இழுத்து, தண்ணீரை ஆவியாக்கிக் குளிர வைக்கிறது. திரும்பவும் உப்பளக் கணக்குதான்! காற்று காய்ந்திருக்கும் வேலூருக்கும் திருச்சிக்கும் அது வரப்பிரசாதம். ஏற்கெனவே ஈரம் கனத்த கடலோரத்தில், மூடிய ரூமில் போட்டால், இருக்கிற புழுக்கத்தோடு இன்னும் கொஞ்சம் புழுக்கத்தைச் சேர்க்கும். ஜன்னலில் வெட்டிவேர் தட்டி கட்டி நனைப்பதும் அப்படியே. மேல்காற்று காய்ந்து அடிக்கும் காலை நேரத்தில் சுகம். கடல் காற்று இறங்கிய பிறகு பிரயோஜனம் குறைவு. பக்கத்து ஊர் சொந்தக்காரர் சொன்னார் என்று பணத்தைக் கொட்டாதீர்கள்.

அந்தப் பணத்தை ஃபேனில் போடுங்கள்! புதுசாக வரும் பி.எல்.டி.சி. மோட்டார் ஃபேன் 30 வாட் சொச்சத்தில் ஓடுகிறது. 75 வாட் பழைய ஃபேன் இருந்த இடத்தில் இதை மாட்டி, தினம் 20 மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாசத்தில் 54 யூனிட் மிச்சம். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கும் ஸ்டார் முத்திரை கட்டாயம். நட்சத்திரத்தை எண்ணிப் பார்த்து வாங்குங்கள். எல்லா ரூமுக்கும் ஒரேயடியாக மாற்ற வசதி இல்லையா? ரொம்ப நேரம் ஓடுகிற ஃபேனை முதலில் மாற்றுங்கள். பாட்டி படுக்கிற இடத்து ஃபேனிலிருந்து ஆரம்பித்தால் புண்ணியம்!

வீட்டைச் சூடாக விடாதீர்கள்

உள்ளே சூடு வந்த பிறகு குளிர வைப்பதைவிட, வர விடாமல் தடுப்பது சுலபம். காசும் ஆகாது.

நம் கரையில் காலை வெயில் கடல் பக்கமிருந்து வரும். காலையில் கிழக்கு ஜன்னலுக்குத் திரை போடுங்கள். மத்தியானம் கடல் காற்று இறங்கியதும் அதே ஜன்னலைத் திறந்துவிடுங்கள். அதற்குள் வெயில் தலைக்கு மேலே போய்விட்டிருக்கும். எதிர்ப் பக்கம் ஒரு கதவோ ஜன்னலோ திறந்திருந்தால்தான் காற்று உள்ளே புகுந்து வெளியேறும். சாயங்காலம் சுடுவது மேற்குச் சுவர். வெளிப்பக்கம் ஒரு கீற்றுப் பந்தல், ஒரு கொடிப் பந்தல் போதும்.

ராத்திரி பத்து மணிக்கும் ரூம் அனலாக இருக்கிறதே, ஏன்? பகல் முழுக்கக் குடித்த வெயிலை மொட்டை மாடித் தளம் ராத்திரி கக்குகிறது. தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயின்ட்டோ அடியுங்கள். உள்ளே இரண்டு மூன்று டிகிரி குறையும். ஷீட் வீட்டுக்கும் இது நல்ல வைத்தியம்.

சமையலைக் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். இஸ்திரியை வாரம் ஒரு நாள், காலையில், மொத்தமாக. குண்டு பல்பு இன்னும் எரிகிறதா? 60 வாட் பல்பு வெளிச்சத்தை விடச் சூட்டைத்தான் அதிகம் தருகிறது. 9 வாட் எல்.இ.டி. போதும்.

ராத்திரி ஃப்ரிட்ஜை அணைத்து மிச்சம் பிடிக்கிற வீடுகளும் உண்டு. வேண்டவே வேண்டாம்! மீன் வாங்கி வைக்கிற ஊர் நம்முடையது. குளிர் விட்டுப்போன மீனும் பாலும் வயிற்றுப்போக்கில் கொண்டு விடும். இன்சுலின் வைத்திருந்தால் அதுவும் கெடும். அதற்குப் பதில் சுவரிலிருந்து ஃப்ரிட்ஜை ஒரு ஜாண் தள்ளி வையுங்கள். சூடான குழம்பை ஆற வைத்து உள்ளே வையுங்கள். கதவு ரப்பர் தளர்ந்திருந்தால் மாற்றுங்கள். கதவில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம்.

சிக்கனம் யாருக்குக் கூடாது?

இதுதான் முக்கியமான பாகம். கவனமாகப் படியுங்கள்.

வயசானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது; வியர்வையும் குறைவு. "எனக்கு ஒண்ணும் புழுங்கலை" என்று அவர்கள் சொன்னாலும் நம்பாதீர்கள். கைக்குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. கர்ப்பிணிகள், சர்க்கரை, இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், பிரஷருக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சில மனநல மாத்திரைகள் எடுப்பவர்கள்... இவர்கள் எல்லாருக்கும் வெயில் சீக்கிரம் தாக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். வெயிலில் உழைத்துவிட்டு வீடு திரும்புகிறவர்களும் இந்தப் பட்டியலில்தான். தமிழ்நாட்டு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்த சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தினர், பத்தில் ஒன்பது பேர் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் வெப்பத்தில் வேலை செய்வதாகக் கண்டார்கள். பகலெல்லாம் சூடேறிய உடம்பு ராத்திரியாவது ஆற வேண்டாமா? அவர்களுக்கு ராத்திரி காற்று வேண்டும்.

மயக்கம், தலைவலி, வாந்தி, கால் குரக்கு வந்தால் நிழலில் படுக்க வைத்து, நீர் மோர், இளநீர், ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். பாக்கெட் இல்லையென்றால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு எவ்வளவு நீர், எந்த நீர் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பேச்சு குழறினால், ஆளை அடையாளம் தெரியாமல் போனால், உடம்பு கொதித்தால் அது வெப்ப மயக்கத்தையும் தாண்டிய ஹீட் ஸ்ட்ரோக். ஒரு நிமிஷம்கூட வீணாக்காதீர்கள். 108-க்கு போன் செய்யுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை உடுப்பைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத் துணி. நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது.

தெருவுக்கும் சேர்த்து மிச்சம் பிடியுங்கள்

2012-ல் தமிழ்நாட்டில் பல ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2024 மே 2-ந் தேதி மாநிலத்தின் கரண்ட் தேவை 20,830 மெகாவாட் என்று அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது. வெயிலும் புழுக்கமும் ஏற ஏற எல்லா வீட்டு ஏ.ஸி.யும் ஒரே நேரத்தில் இழுத்தால் தெரு டிரான்ஸ்ஃபார்மர் என்ன செய்யும்? அது போனால் உங்கள் ஏ.ஸி. மட்டுமா நிற்கும்? ஷீட் வீட்டில் படுத்திருக்கும் குழந்தையின் ஃபேனும் நிற்கும். சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை மோட்டார், இஸ்திரி, வாஷிங் மெஷினைத் தள்ளிப் போடுங்கள். நீங்கள் 20 டிகிரியை 26 ஆக்குவது உங்கள் பில்லுக்கு மட்டுமல்ல, தெருவுக்கே செய்கிற உபகாரம்.

கரண்ட் போய்விட்டால் முதலில் எட்டிப் பார்க்க வேண்டியது, பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பெரியவரை. ஒரு சொம்பு தண்ணீரும் ஒரு ஈரத் துண்டும் கொண்டு போங்கள்.

இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். ஹீட்டர் ஸ்விட்சை அணையுங்கள். ஏ.ஸி.யை இரண்டு டிகிரி ஏற்றுங்கள். செட்டாப் பெட்டியின் ஸ்விட்சைச் சுவரிலேயே நிறுத்துங்கள். மீட்டரைப் பார்த்துக் காலண்டரில் எழுதுங்கள். அப்புறம் பாட்டியிடம் போய்ச் சொல்லுங்கள்:

"ஃபேன் ஓடட்டும் பாட்டி. கரண்ட்டை நாங்க வேற இடத்துல மிச்சம் புடிச்சுட்டோம். நீங்க காத்தாட நிம்மதியாத் தூங்குங்க!"